குருமனையின் பன்னிரண்டு மாதம்

திருவனந்தபுரத்தில் சபை நடத்தும் ஆயர் நான்கு நாட்காட்டிகளுக்கு நடுவே வாழ்கிறார். திருச்சபை ஆண்டு நவம்பர் கடைசியில் தொடங்கும். பள்ளி ஆண்டு ஜூன் தொடக்கத்தில் தொடங்கும். மழைக்கு இரண்டு பருவம். நகரத்துக்கு ஆற்றுகால் பொங்கல், ஓணம் வாரம், பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு என்று தனிக் கணக்கு. குருமனையில் எழும் சண்டைகளைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், இவற்றில் இரண்டு ஒரே வாரத்தில் மோதியிருக்கும். எந்த வாரம் மோதும் என்பது பல மாதம் முன்பே தெரிந்துவிடும். தெரிந்தும் எழுதி வைக்காததுதான் சிக்கல்.

குடும்ப நாட்களை முதலில் எழுதுவது, அதைச் சபைக் கமிட்டிக்குச் சொல்லிவிடுவது, பருவத்துக்கேற்ற ஆபத்துகளுக்குத் தயாராவது ஆகிய மூன்றும் இந்த அத்தியாயத்தில் வருகின்றன. சி.எஸ்.ஐ. தென் கேரளப் பேராயத்தின் சூழலை வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற சபையினர் பண்டிகைப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. ஒரே தாளில் நான்கு நாட்காட்டி

இந்த வேலையை அக்டோபர் கடைசியில் செய்யுங்கள். அட்வெந்து தொடங்கிவிட்டால் நேரம் கிடைக்காது.

1. பெரிய சுவர்த்தாள் ஒன்றில் பன்னிரண்டு மாதங்களையும் கட்டம் போடுங்கள். கைப்பேசியில் மட்டும் குறித்தால் வீட்டில் மற்றவர்கள் பார்க்க முடியாது.
2. முதலில் குடும்ப நாட்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள்: பிறந்த நாள், திருமண நாள், பெற்றோரை ஊரில் போய்ப் பார்க்கும் நாட்கள், பிள்ளைகளின் தேர்வு, பள்ளி ஆண்டு விழா.
3. அடுத்து திருச்சபை நாட்கள்; இங்கிருந்து ஒவ்வொரு நாட்காட்டிக்கும் வேறு நிறம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை 46 நாள். ஞாயிறுகளைக் கழித்தால் லெந்து 40 நாள். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. 2028-இல் மார்ச் 1, ஏப்ரல் 16. முந்தைய ஆண்டின் தாளைப் பார்த்து எழுதாதீர்கள்.
4. மூன்றாவதாகப் பள்ளி நாட்கள். கேரளத்தில் ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளுக்கு முன்னால் தேர்வு வரும். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு மார்ச்சை ஒட்டி வரும்.
5. கடைசியில் மழையும் நகரமும். ஜூன் முதல் வாரம் இடவப்பாதி, அக்டோபர்–நவம்பர் துலாமழை. பொங்கல், ஓணம் வார விழா, ஆறாட்டு நாட்களைக் குறியுங்கள்.
6. இரண்டு நிறம் சேரும் வாரங்களை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து ஒரு தீர்வு எழுதுங்கள்.
7. நவம்பர் கமிட்டிக் கூட்டத்தில் தாளை வையுங்கள். சிவப்பு நாட்கள் கூட்டக் குறிப்பேட்டில் ஏறட்டும்.

ஏழாவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நவம்பரில் 'அன்றைக்கு நான் இல்லை' என்றால் அது ஒரு தகவல். அதையே விழாவுக்கு முந்தின வாரம் சொன்னால் மனத்தாங்கல் ஆகும். கமிட்டியில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "செயலாளர் அண்ணே, பிப்ரவரி இரண்டாவது சனி மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. அன்றைக்கு வாலிபர் கூட்டத்தை உபதேசியார் நடத்தட்டும். இப்பவே எழுதிக்கொள்ளுங்கள்." காரணத்தை நீட்டி விளக்க வேண்டாம். மாற்று ஏற்பாட்டைச் சேர்த்துச் சொல்லுங்கள், போதும்.

குறிப்பு: தென் திருவிதாங்கூர்ப் பேராயம் 1959-இல் தென் கேரளம், கன்னியாகுமரி என இரண்டானது. உறவுகள் இரண்டாகவில்லை. தமிழ்க் குடும்பங்களின் கல்யாணமும் சாவும் மாநில எல்லையான களியக்காவிளையின் இரு பக்கமும் நடக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை வேறு, கேரள விடுமுறை வேறு. ஊரில் உள்ள அண்ணன் தங்கை பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகள் சேர்ந்திருக்க வேண்டுமானால் இரண்டும் பொருந்தும் நாட்களைத் தேடி எழுதுங்கள். தைப்பொங்கலுக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. கிறிஸ்துமஸ் களைப்புக்குப் பின் ஊருக்குப் போக அது நல்ல நாள்.

2. வாரத்தை அமைத்தல்

ஆயர்களுக்குத் திங்கள் ஓய்வு என்பது பழைய வழக்கம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது பாதி ஓய்வுதான். திங்களன்று பிள்ளைகள் வீட்டில் இல்லை. அவர்கள் வீட்டில் இருக்கும் சனியன்று நீங்கள் பிரசங்கம், வாலிபர் கூட்டம், கல்யாண ஓலை வாசிக்கக் கேட்டு வருபவர்கள் என்று ஓடுகிறீர்கள்.

1. திங்களைக் கணவன் மனைவிக்கான நாளாக வையுங்கள். வங்கி, மருத்துவர், வீட்டுச் சாமான் வேலைகள் காலையில். பிற்பகல் இருவருக்கும்.
2. பிரசங்கக் குறிப்பை வியாழன் இரவுக்குள் முடியுங்கள். வெள்ளி ஒரு மணி நேரம் திருத்தம்.
3. சனி காலை 6 முதல் 1 வரை பிள்ளைகளுக்கு. சில சனிகள் பள்ளி வேலைநாளாகிவிடும். அந்த வாரம் வேறொரு மாலையை ஈடாகக் கொடுங்கள்.
4. இரவு உணவு 8 மணிக்கு என்றால் 8 முதல் 9 வரை கைப்பேசி முன்னறையில் இருக்கட்டும். சாவு, விபத்துச் செய்திக்குச் செயலாளர் நிலத்தொலைபேசியிலோ துணைவரின் எண்ணிலோ அழைப்பார் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவான தவறு: மாலைக் குடும்ப ஜெபத்தைக் குடும்ப நேரமாகக் கணக்கிடுவது. பிள்ளைகளுக்கு அது இன்னோர் ஆராதனை. அவர்களோடு கேரம் ஆடுவதும், சங்குமுகத்தில் காற்று வாங்குவதும் தனிக்கணக்கு.

3. இடவப்பாதி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

பள்ளியும் மழையும் ஒரே வாரத்தில் தொடங்கும். ஜூன் முதல் பத்து நாள் சபையில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, வெள்ளறடைப் பக்கம் ரப்பர் பால்வெட்டை நம்பும் வீடுகள் நிறைய. மரத்தில் மழைக்காப்பு கட்டாத தோட்டங்களில் மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. கடற்கரையில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடை. கையில் பணம் குறையும் இந்த மாதங்களில் கட்டட நிதி வசூலை நிறுத்தி வையுங்கள். வீடு சந்திப்பைக் கூட்டுங்கள்.

வீடு சந்திப்புக்கான வரிசை:

1. முதலில் தனியாக வாழும் முதியவர்கள், அடுத்து கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகள், பிறகு மற்றவர்கள்.
2. பிற்பகல் 3-க்குத் தொடங்கி இருட்டுமுன் திரும்புங்கள். தனியாகப் போகாமல் மூப்பர் ஒருவரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.
3. தேங்கிய நீரில் வெறுங்காலோடோ வெறும் செருப்போடோ இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் அன்று போகவே வேண்டாம். எலிக்காய்ச்சல் சேறு வழியே வரும். தடுப்பு மாத்திரையான டாக்சிசைக்ளினைச் சுகாதார நிலையத்தில் கேட்டு, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் எடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.
4. வீடு திரும்பியதும் காலைச் சோப்பால் கழுவுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனை. கேரளச் சுகாதாரத் துறையின் 'திசா' எண் 1056.

குருமனை வளாகத்தில் வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை என்று வையுங்கள், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். சிரட்டை, பூச்சட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவை டெங்குக் கொசுவின் இருப்பிடம். விறகு, ஓடு, செங்கல் குவியலை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். பாம்பு தென்பட்டால் அடிக்கப் போகாமல் வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

4. ஓணம் முதல் அறுப்பின் பண்டிகை வரை

ஓண விடுமுறை பத்து நாளையொட்டி வரும். சபைக் கூட்டங்கள் தானாகவே குறையும் நாட்கள் இவை. குடும்பத்தோடு வெளியூர் போக ஆண்டிலேயே மிக எளிய வாய்ப்பு. ஊரில் இருந்தால் ஓணம் வாரத்தின் மாலைகளில் கனகக்குன்று, வெள்ளையம்பலம், பாளையம் சாலைகளில் நெரிசல் இருக்கும். மருத்துவமனைச் சந்திப்பைக் காலைக்கு மாற்றுங்கள்.

செப்டம்பர் 27 சி.எஸ்.ஐ. நாள். 1947-இல் அதே நாளில்தான் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதை ஒட்டிய ஞாயிறு ஆராதனைக்கு ஒரு மாதம் முன்பே பாடகர் குழுவிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலம் குருமனையைப் பிழிந்தெடுக்கும் நாள். வாழைக்குலை, மரச்சீனி, தேங்காய், கோழி எல்லாம் முந்தின இரவே உங்கள் திண்ணைக்கு வந்துவிடும்.

1. பொருள் வாங்கும் இடம் சபை மண்டபம் என்று மூன்று ஞாயிறு முன்பே அறிவியுங்கள்.
2. பொருட்பட்டியல் எழுத இருவரையும் ஏலம் கூற ஒருவரையும் கமிட்டி நியமிக்கட்டும். ஆயரம்மா பெயர் அந்தப் பட்டியலில் வேண்டாம்.
3. பணம் எண்ணும்போது பொருளாளரோடு இன்னொருவர் இருக்க வேண்டும். இரவு அந்தப் பணம் குருமனையில் தங்கக் கூடாது.

5. துலாமழை: இடியின் மாதங்கள்

அக்டோபர், நவம்பரில் காலை வெயிலாக இருக்கும். பிற்பகலில் இடி வரும். பேரிடர் மேலாண்மை ஆணையம் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. நம் கன்வென்ஷன் கூட்டங்கள் நடப்பதும் அதே நேரத்தில்தான்.

- தகரப் பந்தலும் இரும்புக் கம்பமும் உள்ள திறந்த மைதானத்தைத் தவிர்த்து ஆலயத்துக்குள் நடத்துங்கள்.
- முதல் இடி கேட்டதும் ஒலிபெருக்கியின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். கம்பி உள்ள மைக்கைப் பிடித்தபடி பிரசங்கத்தைத் தொடராதீர்கள்.
- வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் அன்றைய கூட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று முன்பே எழுதி வையுங்கள்.
- வெளியூர்ப் பேச்சாளர் விமானத்தில் வருகிறாரா? ஐப்பசி, பங்குனி ஆறாட்டு நாட்களில் பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் செல்லும். மாலையில் சில மணி நேரம் விமானங்கள் இயங்கா. பயணச்சீட்டு எடுக்குமுன் தேதியைப் பாருங்கள்.

6. டிசம்பர்

அட்வெந்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும். அதிலிருந்து புத்தாண்டு வரை ஆயரின் வீட்டில் ஆயர் மட்டும் இருக்க மாட்டார். பிள்ளைகளுக்கோ அது தேர்வும் கிறிஸ்துமஸும் சேர்ந்த மாதம்.

1. கேரல் பவனியைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள். எல்லாப் பகுதிக்கும் நீங்கள் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் முதல் வீட்டில் ஜெபித்து ஆரம்பித்துவிட்டு, மீதியை மூப்பர்களிடம் விடுங்கள்.
2. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அரசு தனியாகத் தளர்வு அறிவித்தால் ஒழிய, 10-க்குப் பின் பாட்டு வாய்ப்பாட்டாகவே இருக்கட்டும்.
3. லாரியின் பின்புறத்தில் பிள்ளைகளை நிற்க வைத்து அழைத்துப் போகாதீர்கள். சாலையோரம் நடப்போருக்கு ஒளிரும் பட்டை கொடுங்கள்.
4. உங்கள் பிள்ளைகளின் தேர்வு நாட்களில் இரவு 8-க்குள் வீட்டில் இருங்கள். வருகிற கேக்கையும் விருந்தாளிகளையும் துணைவர் ஒருவரே சமாளிப்பதைத் தவிர்க்க, பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 6 வரை என்று அறிவித்துவிடுங்கள்.
5. உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸை 26-ஆம் தேதி மதியம் என்று நிச்சயம் செய்யுங்கள். 25-ஆம் தேதி பண்டிகை ஆராதனையும் விருந்தும் முடிந்து வரும்போது உங்களுக்குத் தூக்கம்தான் வரும். அந்த ஏமாற்றம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சேர்கிறது.

ஒரு வாரத்தையாவது நிகழ்ச்சியின்றி விடுங்கள். 2017-இல் ஒக்கிப் புயல் நவம்பர் 30 அன்று பூந்துறை, விழிஞ்ஞம் கரையையும் குமரிக் கரையையும் தாக்கியது. மூன்றாம் நாள், டிசம்பர் 3, அட்வெந்தின் முதல் ஞாயிறு. காணாமல் போனவர்களைத் தேடும் கரையின் பக்கத்தில் கேரல் பட்டியலை அப்படியே நடத்த முடியாது. இடைவெளி உள்ள பட்டியலைத்தான் துக்கத்துக்கு இடம் கொடுத்து மாற்றியமைக்க முடியும்.

7. ஜனவரி முதல் ஈஸ்டர் வரை

லெந்தில் கல்யாணம் நடத்துவதில்லை என்பதால் ஜனவரியிலும் ஈஸ்டருக்குப் பின்னும் கல்யாணங்கள் குவியும். ஈஸ்டர் சீக்கிரம் வரும் ஆண்டில் ஜனவரி நெரிசல் இன்னும் கூடும்.

- ஒரு நாளுக்கு ஒரு கல்யாணம் என்று கமிட்டி முடிவு எடுக்கட்டும். மூன்று ஓலை வாசிப்புக்கு முன் ஆலோசனைச் சந்திப்புகளை முடியுங்கள்.
- ஆலயப் பதிவேட்டோடு வேலை முடியவில்லை என்பதை மணமக்களிடம் சொல்லுங்கள். உள்ளாட்சிப் பதிவாளரிடம் 45 நாளுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும்.

ரப்பர் இலை உதிர்வை ஒட்டி, பிப்ரவரி–மார்ச்சில் பால்வெட்டு மீண்டும் நிற்கும். லெந்துக் காணிக்கையை எதிர்பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆற்றுகால் பொங்கல் அன்று பாளையம், தம்பானூர், கிழக்கேகோட்டை எங்கும் அடுப்புகள் நிறையும்; வண்டி போகாது. 2024-இல் அந்த நாள் பிப்ரவரி 25, ஞாயிறாகவே வந்தது. அப்படி வந்தால் ஆராதனையை விடியற்காலைக்கோ மாலைக்கோ மாற்றி இரண்டு வாரம் முன்பே அறிவியுங்கள். ஆலய வளாகத்தின் குடிநீரையும் கழிப்பறையையும் பொங்கலிட வந்த பெண்களுக்குத் திறந்து விடுங்கள். அவசர நோயாளியைச் சந்திக்க வேண்டுமானால் முந்தின நாளே போய்விடுங்கள்.

பரிசுத்த வாரத்தில் குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டர் விடியல் ஆராதனை வரை குரல் போகும், தூக்கம் போகும். பெரிய வெள்ளி மும்மணி தியானத்தின் ஏழு வார்த்தைகளையும் நீங்களே பேச வேண்டாம். சபையில் நால்வருக்குப் பங்கிட்டு, லெந்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த ஆண்டு லெந்து மாலைக் கூட்டங்களைக் குருமனை முற்றத்தில் வைக்காதீர்கள். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மூன்று நாள் விடுப்பு நவம்பர்த் தாளிலேயே சிவப்பில் இருக்க வேண்டும்.

8. ஏப்ரல், மே

விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) பாதுகாப்பு

1. ஒரு வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். தனியறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் இருக்கக் கூடாது.
2. பிள்ளையை அழைத்துப் போக வருபவரின் பெயரைப் பெற்றோர் முதல் நாளே எழுதித் தரட்டும்.
3. பாலியல் குற்றம் பற்றித் தகவல் தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். கமிட்டிக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை அது. குழந்தைகள் உதவி எண் 1098.
4. வெளி விளையாட்டைக் காலை 11 மணிக்குள் முடியுங்கள். வெயிலில் பிள்ளைகள் மயங்குவார்கள். மழை வருமுன் ஆலய ஓடு, கூரைமரம், வளாக மரக்கிளை ஆகியவற்றையும் மே மாதம் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இடமாற்றம்

மாற்றம் வரும் ஆண்டில் மற்ற திட்டங்களைப் பாதியாகக் குறையுங்கள். பிள்ளையின் பள்ளியை முதலில் முடிவு செய்து, பிறகு அலமாரியைக் கட்டுங்கள். தமிழ் வழியில் படிக்க வேண்டுமானால் திருவனந்தபுரத்தின் 'சாலை' பகுதியில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ரேஷன் அட்டை மூன்றையும் லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்கள். பழைய சபையின் சண்டைகளைப் புதிய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

9. ஆண்டு முழுவதும்: மருத்துவமனை

ஆர்.சி.சி. எனும் மண்டலப் புற்றுநோய் மையம் 1981 முதல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் தமிழர்கள் தங்க இடமும் மொழி உதவியும் தேடி முதலில் அழைப்பது தெரிந்த ஆயரைத்தான்.

- சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் கீமோ நோயாளியைப் பார்க்கப் போகாதீர்கள். கை கழுவி, முகக்கவசம் அணிந்து, பத்து நிமிடத்தில் முடியுங்கள்.
- குருமனையில் நோயாளியைத் தங்க வைப்பது துணைவர் சம்மதித்த பிறகு மட்டும். அதற்குள் சபையில் யார் வீட்டு அறை காலி, எந்த விடுதி குறைந்த வாடகை என்ற பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.
- மருத்துவமனைச் சந்திப்பு வாரம் இரண்டு மாலைக்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களுக்கு மூன்று பேர் கொண்ட சந்திப்புக் குழு அமையுங்கள்.

10. நிறுத்திப் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

- பிள்ளை ஞாயிறு காலையில் வயிற்றுவலி என்கிறது, திங்களன்று சரியாகிவிடுகிறது.
- துணைவருக்கு வேண்டியதைச் செயலாளர் வழியாகத் தெரிந்துகொள்கிறீர்கள்.
- சாவு வீட்டில் நிற்கும்போது எரிச்சல் வருகிறது.
- மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை.

இதில் இரண்டு இருந்தால் பக்கத்துச் சேகர ஆயரிடம் ஒரு ஞாயிற்றை ஒப்படையுங்கள். இதற்காகவே ஆண்டுத் தொடக்கத்தில் அவரோடு 'நீர் எனக்கு, நான் உமக்கு' என்று இரண்டு ஞாயிறு பேசி வைத்திருக்க வேண்டும். தூக்கமின்மையும் மனச்சோர்வும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். 'டெலி மனஸ்' எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். ஜெபம் போதும் என்று நோயை மறைப்பது சபைக்கும் தவறான பாடம்.

11. ஆண்டு முடிவுக் கணக்கு

அக்டோபரில் புதிய தாளை விரிக்குமுன் பழைய தாளை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சிவப்பு நாளுக்கும் பக்கத்தில் 'நடந்தது' அல்லது 'நடக்கவில்லை' என்று எழுதுங்கள். எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கக் கூடாது. துணைவரும் பிள்ளைகளும் எழுதட்டும். 'நடக்கவில்லை' என்ற நாட்களுக்குக் காரணத்தையும் அவர்களே சொல்லட்டும். ஒரே காரணம் மூன்று முறை வந்தால் அதுதான் நவம்பர்க் கமிட்டியில் உங்கள் முதல் பொருள்.